கருப்பை தயாராகும் வரை காத்திருந்த டாக்டர்: யார் இந்த சுபாஷ் முகோபாத்யாய்?

காலையில் பள்ளிகொண்டா பஸ் ஸ்டாப்பில் நின்றால் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் போகும் ஷூ கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒரு பக்கம். கையில் ஸ்கேன் ஃபைலோடு வேலூர் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இன்னொரு பக்கம். சில நாள் இந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரு பெண், அன்றைக்கு மட்டும் வேனை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் நிற்பார். காரணம் கேட்டால் தலைவலி, பல்வலி என்று எதையாவது சொல்வார். அன்றைக்கு அவருக்கு முட்டை ஸ்கேன் என்பது அவருக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் விசேஷம் ஏதும் இல்லையா என்று கேட்கிற ஊர் நம்முடையது. அந்தக் கேள்விக்குப் பயந்து ரகசியமாக ஆஸ்பத்திரி போகிறவர்கள் இன்றும் நிறைய பேர். அவர்கள் கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் கண்டிப்பாக ஒரு வரி இருக்கும். எண்டோமெட்ரியம் இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு எண். கருப்பையின் உட்சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதற்கான கணக்கு அது.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது. கரு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது போய் ஒட்டிக்கொள்ளும் இடமும் தயாராக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு, அதற்காகக் கருவையே உறைய வைத்துக் காத்திருந்த ஒரு இந்திய டாக்டர். இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை பிறக்கக் காரணமானவர். ஆனால் உயிரோடு இருந்தவரை அவரை யாரும் நம்பவில்லை. அவர் பெயர் சுபாஷ் முகோபாத்யாய். முகர்ஜி என்றும் சொல்வார்கள். ஊர், கொல்கத்தா.

வேலூருக்கும் கொல்கத்தாவுக்கும் இருக்கும் தொடர்பு நமக்குப் புதிதில்லை. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி சிஎம்சி போகும் வங்காளக் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், ஹோட்டல் போர்டெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும். வைத்தியத்துக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் குழந்தையின்மை சிகிச்சையில் இன்று நம் ஊரில் செய்யப்படும் முக்கியமான சில விஷயங்களை, 1978லேயே அவர்கள் ஊரில் ஒருவர் செய்து முடித்திருந்தார்.

முதலில், கருப்பை உட்சுவர் என்றால் என்ன?

கதைக்குள் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் சுபாஷ் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

கருப்பையின் உள்பக்கத்தில் மெத்தை போல ஒரு படலம் இருக்கிறது. இதுதான் எண்டோமெட்ரியம். ஒவ்வொரு மாதமும் இது புதிதாக வளர்கிறது. மாதவிடாய் முடிந்ததும் மிக மெல்லியதாக இருக்கும். அதன் பிறகு சினைப்பையில் முட்டை வளர வளர, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரந்து இந்தப் படலத்தைத் தடிமனாக்கும். முட்டை வெளியான பிறகு புரொஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். அது படலத்தின் தன்மையையே மாற்றி, கரு வந்தால் பிடித்துக்கொள்ளவும் ஊட்டம் கொடுக்கவும் ஏற்றதாக ஆக்கும்.

நடவுக்கு முன் நிலத்தை உழுது, தண்ணீர் விட்டு, பதம் பார்ப்பது மாதிரிதான் இது. பதம் தப்பினால் நல்ல நாற்றும் வேர் பிடிக்காது.

முட்டை வெளியான 6 முதல் 10 நாட்களுக்குள்தான் கரு ஒட்டிக்கொள்ள ஏற்ற நேரம். அதற்கு முன்பே போனாலும் பயனில்லை, தாண்டிப் போனாலும் பயனில்லை. அந்த மாதம் கரு வரவில்லை என்றால் ஹார்மோன் அளவு குறைந்து, படலம் உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறிவிடும். அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

அதாவது கருவும் கருப்பையும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும். இந்த நேரப் பொருத்தம்தான் சுபாஷின் கதையில் மையமான விஷயம்.

ஹசாரிபாக்கில் பிறந்தவர்

சுபாஷ் முகோபாத்யாய் பிறந்தது 1931 ஜனவரி 16ம் தேதி. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கும் ஹசாரிபாக்கில். படித்தது கொல்கத்தாவில். உடலியங்கியலில் பட்டம் வாங்கிய பிறகு, கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து 1955ல் எம்பிபிஎஸ் முடித்தார். மகப்பேறு மருத்துவப் பாடத்தில் முதலிடம் பிடித்த மாணவர் அவர்.

அந்த மதிப்பெண்ணுக்குத் தனியாக கிளினிக் போட்டு உட்கார்ந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் ஆராய்ச்சிப் பக்கம் போனார். 1958ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியங்கியலில் முனைவர் பட்டம். பிறகு ஸ்காட்லாந்து போய், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்மோன்களை அளவிடும் ஆராய்ச்சியில் 1967ல் இரண்டாவது முனைவர் பட்டம்.

உடம்பில் எந்த ஹார்மோன் எந்த நாளில் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைத் துல்லியமாக அளக்கும் வேலையைத்தான் அவர் எடின்பரோவில் கற்றுக்கொண்டார். கருப்பைச் சுவர் வளர்வதும் உதிர்வதும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். பின்னாளில் அவர் எடுத்த முக்கியமான முடிவுக்கு அடித்தளம் இந்தப் படிப்பு.

வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 1967ல் ஊர் திரும்பினார். கொல்கத்தாவின் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் வேலை. 1975ல் பாங்குரா என்ற ஊரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனார். கொல்கத்தாவிலிருந்து தூரமான ஊர் அது. அங்கே பாடம் நடத்திக்கொண்டே, கொல்கத்தா வந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மனைவி நமிதா, பள்ளி ஆசிரியை.

மூன்று பேர், ஒரு முயற்சி

1970களில் உலகம் முழுக்க ஒரு பெரிய கேள்வி இருந்தது. கருக்குழாய் அடைத்துக்கொண்ட பெண்ணுக்குக் குழந்தை பிறக்க வழி உண்டா? முட்டையும் விந்தணுவும் சந்திக்கிற பாதையே அடைபட்டால், அவற்றை உடம்புக்கு வெளியே சந்திக்க வைத்து, உருவான கருவைக் கருப்பைக்குள் வைத்துவிட முடியுமா?

இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ இருவரும் இதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். கொல்கத்தாவில் சுபாஷும் இதே முயற்சியில் இருந்தார். அவரோடு இரண்டு பேர். ஒருவர் சுனித் முகர்ஜி, உறைய வைக்கும் தொழில்நுட்பத்தில் வல்லவர், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். இன்னொருவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா, மகளிர் நோய் மருத்துவர். பெரிய லேப் இல்லை, நிதி இல்லை. இருந்ததை வைத்து எளிமையான கருவிகளோடுதான் எல்லாம்.

இவர்களிடம் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்குக் கருக்குழாய் பாதிப்பு. பல வருஷமாகக் குழந்தை இல்லை. முயற்சிக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஒரே பிரச்னை, இரண்டு பதில்

பெண்ணின் உடம்பில் இயல்பாக மாதம் ஒரு முட்டைதான் முதிர்ந்து வெளியாகும். அந்த ஒன்றைச் சரியான நேரத்தில் எடுக்காமல் விட்டால் அந்த மாதம் போச்சு. அதனால் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல முட்டைகளை வளர வைத்தால் வாய்ப்பு கூடும். சரியான யோசனைதான். ஆனால் அதிலேயே ஒரு சிக்கலும் இருந்தது.

பல முட்டைகள் ஒன்றாக வளரும்போது ஈஸ்ட்ரோஜன் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறுகிறது. கருப்பைச் சுவரின் வளர்ச்சிக் கணக்கு இதனால் குழம்பிவிடும். கரு தயாராக இருக்கும்போது சுவர் பதம் தாண்டிப் போயிருக்கலாம். நல்ல கரு கையில் இருக்கும், ஆனால் நட்டால் வேர் பிடிக்காது.

இங்கிலாந்து டீமும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டது. ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுத்த முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. கடைசியில் அவர்கள் ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இயல்பாக வளரும் அந்த ஒரே ஒரு முட்டையைக் கண்காணித்து, வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ரோஸ்கோப் மூலம் எடுத்தார்கள். அப்படித்தான் உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25ம் தேதி பிறந்தார்.

சுபாஷ் வேறு வழியில் யோசித்தார். ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கலாம். உடம்புக்கு வெளியே கருவாக்கலாம். ஆனால் அதே மாதத்தில் கருப்பைக்குள் வைக்கக் கூடாது. கருவை உறைய வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஊசியின் தாக்கம் போய், கருப்பைச் சுவர் இயல்பாக வளரும் இன்னொரு மாதம் வரட்டும். அப்போது கருவை எடுத்து வைக்கலாம்.

அதாவது, கருவுக்காகக் கருப்பையை அவசரப்படுத்தாமல், கருப்பைக்காகக் கருவைக் காத்திருக்க வைத்தார்.

8 செல்கள் அளவுக்கு வளர்ந்திருந்த கருக்களை அவர்கள் உறைய வைத்தார்கள். உறையும்போது செல்லுக்குள் பனிப்படிகம் உருவானால் செல் கிழிந்துவிடும். அதைத் தடுக்க டைமெத்தில் சல்பாக்சைடு என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். 53 நாள் கருக்கள் உறைநிலையில் இருந்தன. பிறகு வந்த ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில், சரியான நாள் பார்த்து, தாயின் கருப்பைக்குள் வைக்கப்பட்டன.

1978 அக்டோபர் 3ம் தேதி, கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்தது. ஊரே துர்கா பூஜைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். குழந்தைக்கு உலகம் வைத்த பெயர் துர்கா.

லூயிஸ் பிரவுன் பிறந்து சரியாக 70 நாள். உலகின் இரண்டாவது டெஸ்ட் டியூப் குழந்தை. உறைய வைத்த கருவிலிருந்து பிறந்த குழந்தை என்று பார்த்தால் உலகிலேயே முதல் குழந்தை.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபரில் பிறந்த குழந்தையின் கரு, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே வயிற்றில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். கரு உறைநிலையில் இருந்த 53 நாள் அதற்கும் முன்னால். இங்கிலாந்தின் வெற்றிச் செய்தியைக் கேட்டுவிட்டு ஆரம்பித்த வேலை இல்லை இது.

பாராட்டு வரவில்லை, விசாரணை வந்தது

இப்படி ஒரு விஷயம் நடந்தால் அரசாங்கம் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர் எதிர்.

1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. சுபாஷ் சொல்வது உண்மையா என்று விசாரிக்க வேண்டும். குழுவின் தலைவராக இருந்தவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர். டெஸ்ட் டியூப் முறையில் அனுபவம் உள்ளவர் யாரும் குழுவில் இல்லை. நாட்டிலேயே அந்த அனுபவம் இருந்தது சுபாஷின் டீமுக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

மேலிடத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கவில்லை, விஷயம் முதலில் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது என்று அவர் மீது கோபம். இவ்வளவு சாதாரணக் கருவிகளை வைத்து இதெல்லாம் எப்படி முடியும் என்று சந்தேகம். கடைசியில் குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை.

சுபாஷுக்கு இன்னொரு பெரிய சிக்கல் இருந்தது. அத்தாட்சியாகக் காட்ட வேண்டிய குழந்தையின் குடும்பம் வெளியே வரத் தயாராக இல்லை. டெஸ்ட் டியூப் குழந்தை என்று தெரிந்தால் சமூகம் என்ன பேசும் என்ற பயம். இன்றைக்கும் ஸ்கேன் போகிற விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்கு மறைக்கிற நமக்கு, 1978ல் அந்தக் குடும்பம் பட்ட பயம் புரியாமல் இருக்காது. சுபாஷும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நோயாளியின் ரகசியத்தை அவர் விலையாகக் கொடுக்கவில்லை.

உலகத்துக்கு முன்னால் தன் வேலையை வைக்கவாவது வாய்ப்பு கிடைத்ததா? ஜப்பானின் கியோட்டோவிலிருந்து அழைப்பு வந்தது. போக அரசு அனுமதி தரவில்லை. 1978ல் இந்திய கிரையோஜெனிக்ஸ் இதழில் வெளியான ஒரு சிறு குறிப்பு மட்டும் அச்சில் மிஞ்சியது. சர்வதேச மருத்துவ இதழ்களில் விரிவான கட்டுரை எதுவும் வரவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகள் கடினமானவை. மாரடைப்பு வந்தது. 1981ல் அவரைக் கொல்கத்தாவில் உள்ள ஒரு கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றம் செய்தார்கள். ஹார்மோனும் கருவும் வாழ்க்கையாக இருந்த மனிதருக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. இடமாற்ற உத்தரவு வந்து சில வாரங்களுக்குள், தன் 50வது வயதில், சுபாஷ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் போன பிறகு, உலகம் அவர் போன வழியிலேயே வந்தது. 1984ல் ஆஸ்திரேலியாவில் உறைய வைத்த கருவிலிருந்து ஒரு குழந்தை பிறந்தபோது, அதுதான் உலகில் முதல் முறை என்று பதிவானது. துர்காவுக்கு அப்போது 5 வயது.

கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்தவர்

கதை இங்கேயே முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் இன்னொரு விஞ்ஞானி.

1986 ஆகஸ்ட் 6ம் தேதி மும்பை கேஇஎம் மருத்துவமனையில் ஹர்ஷா என்ற டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமாரும் சேர்ந்து செய்த சாதனை. இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்று நாடே கொண்டாடியது. பாடப் புத்தகம் முதல் பொது அறிவுக் கேள்வி வரை அந்தப் பெயர்தான்.

அதே ஆனந்த் குமார், 1997ல் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா போனார். சுபாஷ் முகோபாத்யாய் நினைவுச் சொற்பொழிவு ஆற்ற அவரை அழைத்திருந்தார்கள். அங்கே சுபாஷின் பழைய ஆவணங்களும் கையெழுத்துக் குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன. படித்தார். துர்காவின் பெற்றோரிடமும் பேசினார். சுபாஷ் சொன்னது உண்மை என்று அவருக்கு உறுதியானது.

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆண்டு கரண்ட் சயின்ஸ் இதழில் கட்டுரை எழுதினார். இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ்தான் என்று உலகத்துக்குச் சொன்னார். முதல் ஆள் என்ற பெயர் தன்னிடம் இருக்கும்போதே அதைக் கழற்றி, இறந்துபோன ஒருவருக்குக் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. அறிவியலில் மட்டுமல்ல, எந்தத் துறையிலும் இது அபூர்வம்.

2003ல், தன் 25வது பிறந்தநாளில் துர்கா வெளியே வந்தார். தன் நிஜப் பெயர் கனுப்ரியா என்று சொல்லி, தன் பிறப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். சுபாஷுக்கு உயிரோடு இருந்தபோது கிடைக்காத அத்தாட்சி அது. பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2005ம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளிலும் அவர் பெயரும் துர்காவின் பிறப்பும் இடம்பெற்றன. 2010ல் ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, சுபாஷ் மறைந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் கதையிலிருந்து உந்துதல் பெற்று, இயக்குநர் தபன் சின்ஹா எடுத்த ஏக் டாக்டர் கி மௌத் என்ற இந்திப் படமும் உண்டு. பங்கஜ் கபூர், ஷபானா ஆஸ்மி நடித்தது. படத்தில் அந்த டாக்டர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பூசி. ஆனால் அவமானங்கள் எல்லாம் சுபாஷ் பட்டவைதான்.

இன்று உங்கள் ரிப்போர்ட்டில் சுபாஷ் எங்கே இருக்கிறார்?

தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1990ல் சென்னையில் பிறந்தது. டாக்டர் கமலா செல்வராஜின் சாதனை. அதன் பிறகு சிகிச்சை வேகமாகப் பரவி, இன்று மாவட்டத் தலைநகர்களிலெல்லாம் கருத்தரிப்பு மையங்கள். அங்கே நடப்பதைக் கவனித்தால், 1978ல் கொல்கத்தாவில் நடந்த மூன்று விஷயங்கள் அப்படியே தெரியும்.

ஒன்று, ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்ப்பது. இரண்டு, வயிற்றில் துளையிடாமல் பிறப்புறுப்பு வழியாக முட்டையை எடுப்பது. சுபாஷ் இதைச் சிறு அறுவை முறையில் செய்தார். இன்று ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கிறார்கள். மூன்று, கருவை உறைய வைத்து, கருப்பைச் சுவர் தயாரான மாதத்தில் உள்ளே வைப்பது.

இந்த மூன்றாவது முறை எல்லாருக்கும் கட்டாயம் என்றில்லை. பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கும், ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கும் இது நல்ல பலன் தருகிறது. மற்றவர்களுக்கு அதே மாதத்தில் கருவை வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

சரி, அந்த மில்லிமீட்டர் கணக்குக்கு வருவோம்

பொதுவாகக் கருவை வைக்கும் சமயத்தில் உட்சுவர் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் மெல்லிய சுவர் என்பார்கள். ஆனால் 7 என்பது பாஸ் மார்க் இல்லை. அதற்குக் குறைவாக இருந்தும் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 10 இருந்தும் கரு ஒட்டாமல் போனவர்களும் இருக்கிறார்கள். தடிமனோடு சேர்த்து நேரப் பொருத்தம், ஹார்மோன் அளவு, கருவின் தரம் எல்லாமே முக்கியம்.

சுவர் மெலிந்துபோகவோ பாதிக்கப்படவோ சில முக்கியக் காரணங்கள் உண்டு. கருக்கலைப்புக்கோ கருச்சிதைவுக்கோ பிறகு கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது, சிலருக்கு உள்ளே தழும்பு விழுந்து சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோ, உட்சுவரை நோக்கி வளரும் ஃபைப்ராய்டு கட்டியோ இடத்தை அடைத்துக்கொள்ளும். நாள்பட்ட கிருமித் தொற்றும் ஒரு காரணம்.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று, காசநோய். டிபி என்றால் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். கருக்குழாயிலும் கருப்பைச் சுவரிலும் சத்தமில்லாமல் வரலாம். இருமல் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. குழந்தை இல்லை என்று பரிசோதிக்கப் போகும்போதுதான் தெரியவரும். வீட்டில் யாருக்காவது முன்பு டிபி இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சுவரை அதிகம் சேதப்படாமல் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

மாதவிடாய் ரத்தப்போக்கு திடீரென மிகவும் குறைந்துபோவது, முழுக்க நின்றுபோவது, இடையிடையே ரத்தம் படுவது, தாங்க முடியாத வலி. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் மகளிர் நோய் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

பணம் கட்டும் முன்

சுவரைத் தடிமனாக்குகிறோம், கரு ஒட்ட வைக்கிறோம் என்று கூடுதல் கட்டணத்துக்குச் சில சிகிச்சைகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. எல்லாமே நிரூபிக்கப்பட்டவை இல்லை. உதாரணத்துக்கு, கரு வைப்பதற்கு முன் கருப்பைச் சுவரை லேசாகக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று ரொம்ப நாள் நம்பப்பட்டது. 1,364 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2019ல் வெளியானது. கீறியவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறப்பதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது.

எனவே கூடுதலாக எதற்குப் பணம் கேட்டாலும், இது எனக்கு எதற்கு, இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு ஆய்வு இருக்கிறதா என்று கேளுங்கள். 2021ல் வந்த சட்டப்படி கருத்தரிப்பு மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஸ்கேன் ஃபைல் பெண்ணின் கையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் சுமார் பாதிப் பேரில் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. உலக அளவில் ஆறு பேரில் ஒருவர் வாழ்க்கையில் ஒரு கட்டத்திலாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொன்னது. முதலில் செய்ய வேண்டிய விந்தணுப் பரிசோதனை எளிமையானது, செலவும் குறைவு. மனைவிக்கு நாலு ஸ்கேன் முடிந்த பிறகும் கணவர் ஒரு டெஸ்ட்டுக்குக்கூட வராமல் இருப்பது நியாயமே இல்லை.

கடைசியாக ஒரு விஷயம்

சுபாஷ் தோற்றது அறிவியலில் இல்லை. அவர் தயாராக இருந்தார், குழந்தையும் பிறந்தது. கருவுக்குக் கருப்பை தயாராகும் வரை அவரால் காத்திருக்க முடிந்தது. அவர் கண்டுபிடிப்புக்கு ஊர் தயாராகும் வரைதான் காத்திருக்க முடியவில்லை. குழந்தை டெஸ்ட் டியூபில் பிறந்தது என்று சொல்ல ஒரு குடும்பம் அன்று பயப்படாமல் இருந்திருந்தால், அந்தப் பயத்தைச் சமூகம் கொடுக்காமல் இருந்திருந்தால், அவர் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

இத்தனை வருஷம் கழித்தும் பள்ளிகொண்டா பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் தன் ஸ்கேன் ஃபைலைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார். மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. அந்த ஃபைலை அவர் கையில் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாள்தான் இன்னும் வரவில்லை. அடுத்த முறை யாரிடமாவது விசேஷம் உண்டா என்று கேட்க வாய் வந்தால், கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். நம்மால் முடிந்த உதவி அதுதான்.

(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் தனியாகத் தவிக்க வேண்டாம். தமிழக அரசின் 104 எண்ணுக்கோ, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணுக்கோ அழைத்துப் பேசலாம்.)